செக்கோயாத் தோப்புக்கு வர மறுத்தவர்

இரண்டாயிரத்து ஒன்பதின் கோடையில், இலங்கையில் போர் முடிந்த செய்திகளால் உறக்கமிழந்திருந்த, இலண்டன் நோர்பரிப் பகுதித் தமிழர் சிலரை, நகரிலிருந்து வெகு தொலைவிலிருந்த செக்கோயா மரத்தோப்புக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கைத்தொலைபேசிகளுக்குச் சிக்னல் கிடைக்காது. ஒரு மணிநேரமாவது அவர்கள் இளைப்பாறட்டும் என்றே அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தேன்.

ஒருவர் மட்டும், கடைசியாகச் சிக்னல் கிடைத்த தெரு வளைவைத் தாண்டவில்லை. நரைத்த தாடி, இரவு ஷிப்டின் சீருடை, சிவந்த கண்கள். பேசும்போதும் தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"வாங்கோ அண்ணை, ஆயிரக்கணக்கான வருசம் நிக்கிற சாதி மரம்."

"அப்ப நாளைக்கும் நிக்கும்தானே தம்பி! தங்கச்சி அகதி முகாமிலையிருந்து ஆரின்டையோ போனிலை எனக்குக் கோல் எடுப்பாள். ரெண்டு கிழமையாச் சத்தமில்லை."

"பத்து நிமிசம்தான் அண்ணை."

என் மனம் நோகக்கூடாதென்று வந்தார். மெத்தென்ற சிவந்த மரப்பட்டையில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். நான் மகிழ்ந்தேன்.

வளைவுக்குத் திரும்பியதும், தவறிய அழைப்பொன்றை அறிவிக்கும் குறுஞ்செய்தி வந்தது. இலங்கை எண். பலமுறை திருப்பி அழைத்தார், எவரும் எடுக்கவில்லை.

"'எங்கை நிண்டனீங்கள்' எண்டு கேப்பாள். மரம் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வேலையிலை எண்டு சொல்லுங்கோ."

"அவளுக்குப் பொய் சொல்ல ஏலாது தம்பி."

குரலில் சினமில்லை; களைப்பு மட்டுமே இருந்தது. நோர்பரியில் இறங்கியபோது எனக்கு நன்றியும் சொன்னார்.

அவருடைய எண் என்னிடம் இருந்தது. தங்கை மீண்டும் அழைத்தாளா என்று கேட்க விரும்பினேன். ஆனால் மணி ஒலித்ததும் அவள்தான் என்று அவர் ஓடிவந்து எடுப்பார் என்பதால், ஒருபோதும் அழைக்கவில்லை.