முதுகுக்குப் பின்னால் சொன்ன எண்கள்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. ஏறக்கூடாது என்று பலகை வைத்திருப்பதால் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள். பேத்தி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஸோ டைனி, தாத்தா" என்றாள். மலைப் பீரங்கி அப்படித்தான் இருக்கும், பாகம் பாகமாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்ற வேண்டுமே என்றேன். அதற்குள் அவள் ஊஞ்சலுக்குப் போய்விட்டாள்.

அப்படிப்பட்ட பீரங்கி ஒன்றுக்கு எங்கள் அப்பா அவில்தார். வடக்கே, மலைமேல் இருந்த ராணுவக் குடியிருப்பில் எங்கள் வீடு. பீரங்கி செய்தவர்கள் காலப்போக்கில் நிறையவே யோசித்தார்கள். முன்பெல்லாம் சுட்டதும் பீரங்கி பின்னால் ஓடும். இழுத்துவந்து நிறுத்த வேண்டும். அந்த உதையைத் தாங்க எண்ணெயும் சுருள்வில்லும் வைத்தார்கள். குழலை இரண்டாக்கி, சுடும் இடத்தில் திருகிச் சேர்த்தார்கள். கழுதையின் முதுகு புண்ணாகாதிருக்கச் சேணத்துக்கு மெத்தை தைத்தார்கள். பக்கத்தில் நிற்கிறவன் காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்.

அப்பாவுக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியாது. அம்மா அவரைக் கூப்பிடாமல் பலகைத் தரையைக் காலால் தட்டுவாள். இருவருக்கும் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு குளிர்காலத்தில் அப்பா புதிதாக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். அவர் சுவரைப் பார்த்து நிற்பார். நான் அறையின் மறுகோடியில் நின்று ரகசியக் குரலில் ஓர் எண்ணைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "இந்தியிலயே சொல்லுடா" என்பார். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். தோற்கத் தோற்க அவர் இன்னொரு தடவை என்று கேட்பார். பெரியவர்களுக்கு இவ்வளவு ஆட்ட ஆசை இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்டா, கண்ணு" என்றாள்.

"அது போங்கு ஆட்டம்மா. ரகசியமாத்தான் சொல்லணும்."

விதிமுறைகள்மேல் எனக்கிருந்த பக்தி அப்போதே முற்றியிருந்தது. பின்னாளில் அதை வைத்துத்தான் அரசாங்க உத்தியோகத்தில் பிழைத்தேன். அப்பா திரும்பி எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு. அவன் சரியாத்தான் ஆடறான்."

ராணுவ மருத்துவர் வருடாவருடம் இப்படித்தான், முதுகுக்குப் பின்னால் நின்று இந்தியில் ரகசியமாக எண் சொல்லி, காதைச் சோதிப்பார் என்பது வளர்ந்த பிறகே தெரிந்தது. தேறாதவனைப் பீரங்கியிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது விதி. நியாயமான விதி; என்னை எழுதச் சொல்லியிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன். பீரங்கியாலேயே போன காதுக்கு என்ன செய்வது என்பதை நானும் எழுத மறந்திருப்பேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம் அப்பா சீக்கிரமே வந்து, உடுப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா தரையைத் தட்டவில்லை. எதிரே போய் நின்றாள்.

"ஸ்டோருக்கு மாத்திட்டாங்க" என்றார்.

ஸ்டோர் என்றால் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருக்கும் இடம். எனக்கு அது பதவி உயர்வாகவே பட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் முகத்துக்கு நேரே நின்று, விளையாடலாமா என்று கேட்டேன். அவர் என் தலையில் கைவைத்தார்.

"இனிமே வேணாம்டா. நீ ஜெயிச்சுட்ட."

அன்று சாயங்காலம் குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் போய், எங்கள் அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிவந்தேன்.