பாதியில் நின்ற கத்தி

2024 பிப்ரவரி 7, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். குடிநீர் 5.35 முதல் 6.20 வரை வந்தது. இரண்டு டிரம், ஐந்து குடம் பிடித்தோம். 7.10க்கு இரத்த அழுத்த மாத்திரை. தோசை மூன்று, தக்காளிச் சட்னி. வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன், சொந்த வேலை என்று. பத்து மணிக்கு மேல் என்னுடைய நான்கு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மதியம் ஒன்றே காலுக்குச் சாப்பாடு, கீரைக் கடைசல்.

இது வரை அன்றைய டைரியில் இருக்கிறது. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். அம்மா இறந்த அன்றுகூடப் பக்கம் நிரம்பியிருக்கிறது. எழுதாமல் விட்ட அந்தப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

பேய், ஆவி, குறி கேட்பது எதிலும் நம்பிக்கை இல்லாதவன் நான். தருமபுரியில் ஒரு தனியார் பட்டறையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. தெருவில் யாராவது திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தால், யார் இதைப் பெருக்குவது என்று கேட்டுச் சண்டைக்குப் போகிறவன். இதைப் படிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். எனக்கு உறுத்துவது அது இல்லை. என்ன நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை, ஆனால் அது நடந்தபோது நான் என்ன செய்தேன் என்பது நன்றாக விளங்குகிறது. உறுத்துவது அதுதான்.

பாப்பாரப்பட்டியில் மாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவதற்கான மடக்குக் கத்தி செய்து கொடுப்பவர். கேட்டு வருகிறவரின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்வார், அந்தக் கைக்கு ஏற்றபடிதான் பிடி. ஒரு கத்திக்கு எட்டு மாதம், பத்து மாதம் காத்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு பாலக்கோட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். நான் அவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன், பழக்கம் என்று சொல்ல முடியாது.

அவர் கத்தியில் ஒரு விசேஷம் உண்டு. மூடும்போது பாதியில் நிற்கும். ஒட்டுக் கட்டும் பெண்கள் ஒரு கையால் ஒட்டின இடத்தை இறுக்கிப் பிடித்திருப்பார்கள், பிளாஸ்டிக் நாடா சுற்றுகிற வரை அந்தக் கையை எடுக்க முடியாது. அதனால் இன்னொரு கையிலிருக்கும் கத்தியைத் தொடையில் வைத்து அழுத்தித்தான் மூடுவார்கள், பார்க்காமலே மூடுவார்கள். சாதாரணக் கத்தி என்றால் ஒரே மூச்சில் மூடி விரலை வாங்கிவிடும். மாணிக்கம் கத்தி பாதியில் நிற்கும், விரலை நகர்த்திக்கொண்டு மறுபடி அழுத்தினால்தான் மூடும்.

என் மச்சினன் கோவிந்தன் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். அவனும் இன்னும் சில பண்ணைக்காரர்களும் சேர்ந்து மாணிக்கத்தின் நினைவாக ஒரு கத்தி போடலாம் என்று முடிவு செய்தார்கள். கூலிக்கு ஒட்டுக் கட்டும் பெண்கள் வாங்க முடிகிற விலையில், அலகில் அவர் பெயர் பொறித்து. முதல் இருநூறு கத்தியை ஒரு விழா வைத்து இனாமாகக் கொடுப்பது, அப்புறம் விற்பனை. வரைபடம் என் பொறுப்பு. மாணிக்கத்தின் சொந்தக் கத்தியை அவர் மனைவி லட்சுமி அக்காவிடம் வாங்கி வந்து ஒன்பது நாள் வைத்து அளந்தேன். அது பாதியில் நிற்கிற கோணம் எண்பத்து நான்கு டிகிரி. தொண்ணூறாக இருந்திருக்க வேண்டும், கை வேலையில் வந்த பிசகு என்று குறித்துக்கொண்டேன்.

அலகின் அடியில், முதுகு ஸ்பிரிங் வந்து அழுந்துகிற இடத்தில், மூன்று தட்டை முகங்கள் இருந்தால்தான் அப்படி நிற்கும்: திறந்து நிற்க ஒன்று, மூடி நிற்க ஒன்று, பாதியில் நிற்க நடுவில் ஒன்று. செய்து தர ஒப்புக்கொண்ட பட்டறையில், நடு முகத்தைக் கையால் அரம் போட்டு ராவ வேண்டும், நீங்கள் சொல்கிற விலைக்கும் தேதிக்கும் கட்டாது என்றார்கள். கோவிந்தனைக் கேட்டேன். “அதெல்லாம் எனக்கென்னா மாமா தெரியும், கத்தி வெட்டணும், அவ்ளோதான்” என்றான். நடு முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வளைவாக்கினேன். கணினியில் இரண்டு நிமிட வேலை.

அதற்கு மூன்றாம் நாள் லட்சுமி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், பெயர் போட்டுக்கொள்ளச் சம்மதக் கையெழுத்துக்காக. வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினேன்.

“இந்தக் கோடெல்லாம் எனக்கென்னா தெரியும் தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாதியில நிக்குமா?”

“நிக்கும்க்கா.”

“அது நின்னாதான் அவரு பேரு. இல்லன்னா கடையில தொங்குதே, அந்தக் கத்திதான்.”

“அதான் நிக்கும்னு சொல்றன்ல.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, என் மனைவி சுமதி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மிரட்டலோ ஆசையோ எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் நேரமாகும், எனக்குச் சாப்பாட்டு நேரம். இவ்வளவுதான் காரணம், இதைவிடக் கௌரவமான காரணம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 7 மதியம் 2.15க்குக் கோவிந்தன் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

“எண்ணிப் பாத்துக்கங்க மாமா. அப்புறம் நூத்தித் தொண்ணூத்தொம்பதரை இருக்குதுன்னு டைரியில எழுதி வெக்காதீங்க.”

“விழா எத்தனை மணிக்கு?”

“நாளைக்குப் பத்து மணி. பொம்பளைங்கல்லாம் புதுப் பொடவை கட்டிகினு வராங்க. லட்சுமி அக்காதான் குடுக்கறது. கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுங்கறாங்க, தாம்பாளத்துல வெச்சி எடுத்துக்கச் சொல்லிட்டன்.”

அவன் போன பிறகு கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். அமானுஷ்யம் என்றால் இரவு, மழை, மின்வெட்டு என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. நல்ல வெயில், மின்விசிறி ஓடியது, பக்கத்து வீட்டில் டிவி சத்தம். ஒவ்வொரு கத்தியாக எடுத்துத் திறப்பது, அலகு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது, மூடுவது, நோட்டில் குறிப்பது. எல்லாம் என் வரைபடப்படி ‘டப்’ என்று ஒரே மூச்சில் மூடின. அறுபத்தொன்று வரை அப்படித்தான்.

அறுபத்திரண்டாவது பாதியில் நின்றது.

துரு, பிசிர், தூசி என்று நினைத்து எண்ணெய் விட்டேன். திரும்பவும் நின்றது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் நின்றது. சரியென்று மூடிவைத்த முதல் கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தேன், அதுவும் நின்றது. சுமதியைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவள் மூடினாள். ‘டப்’. விரல் நுனியை இழுத்துக்கொண்டாள்.

“அய்யய்யோ, என்னங்க இது, நாய் கவ்வுற மாதிரி மூடுது! இதையா பொம்பளைங்களுக்குக் குடுக்கப் போறீங்க?”

“பாதியில நிக்கலையா உனக்கு?”

“எங்க நிக்குது? உங்க கைதான் நடுங்குது. போயி ஒரு வாய் தண்ணி குடிங்க.”

தண்ணீர் குடித்தேன். அவள் அடுப்படிக்குப் போனதும் அதே கத்தியை எடுத்தேன். நின்றது. ரிவிட்டைத் தட்டி எடுத்து ஒன்றைப் பிரித்தும் பார்த்தேன். அலகின் அடி நான் வரைந்த அதே வளைவு. நிற்பதற்கு அதில் எதுவுமே இல்லை, நம்பினால் நம்புங்கள். இன்னொன்றைப் பாதியில் நிறுத்திக் கையை எடுத்தேன். முதுகு ஸ்பிரிங் அதை ஏதாவது ஒரு பக்கம் தள்ளியிருக்க வேண்டும். பாயில் அப்படியே நின்றது. கோணமானி வைத்து அளந்தேன். எண்பத்து நான்கு.

இங்கே வரைக்கும் எழுத எனக்குச் சிரமம் இல்லை. பயமாக இருந்தது, யாருக்கும் பயமாக இருந்திருக்கும். அடுத்ததுதான் வெட்கம்.

அந்தக் கத்தியைக் கையில் எடுத்து விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். இரும்பில் இரும்பு தட்டி நிற்கிற உணர்வு எனக்குத் தெரியும், முப்பது வருடமாகத் தெரியும். இது அப்படி இல்லை. மெத்தென்று இருந்தது. கொஞ்சம் இடம் கொடுத்து, பிறகு கொடுக்காமல் நின்றது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே யாரோ விரலை வைத்துக்கொண்டிருப்பது போல. வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

அப்போது நிறுத்தியிருக்கலாம். பெட்டியை மூடிவிட்டுக் கோவிந்தனைக் கூப்பிட்டு, இந்தக் கத்தி வேண்டாம், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு விழா, வேலை சுத்தமாக முடிந்துவிட்டது, இப்போது போய் இது என்ன என்று கோபம். கத்தியின் பிடியை முழங்காலில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் அலகின் முதுகில் வைத்து என் முழு பலத்தோடும் அழுத்தினேன். நான் அழுத்துவது இரும்பை அல்ல என்று தெரிந்துகொண்டேதான் அழுத்தினேன். உடனே மூடவில்லை. மெதுவாக, எதையோ அறுத்துக்கொண்டு இறங்குவது போல இறங்கியது. நான்கு நொடி இருக்கும். பிறகு மூடிக்கொண்டது.

திறந்து பார்த்தேன். அலகு சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கத்திகூட நிற்கவில்லை. நான் பிரித்துப் போட்ட ஒன்று போக மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் திறந்து மூடினேன், பிறகு இன்னொரு முறை. எல்லாம் ‘டப்’, ‘டப்’ என்று மூடின. ஏதாவது ஒன்றாவது நிற்காதா என்று கடைசியில் ஏங்கிக்கொண்டு மூடினேன். என் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். சுமதி வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைத்தாள்.

மாலை 5.40க்குக் கோவிந்தனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. கத்தி பாதியில் நிற்காது, இதைக் கொடுக்கக் கூடாது, பெண்களின் விரல் போகும் என்று மட்டும் சொன்னேன்.

“என்னா மாமா இப்ப வந்து சொல்றீங்க? பந்தல் போட்டாச்சு. சமையலுக்குச் சொல்லியாச்சு.”

“நிறுத்து.”

“வரைஞ்சது நீங்கதான?”

“நான்தான்.”

“அக்காகிட்ட நிக்கும்னு சொன்னதும் நீங்கதான? அப்ப நீங்களே போயி சொல்லுங்க. என் வாயால ஆவாது” என்று வைத்துவிட்டான்.

அந்தக் கத்திகள் பட்டறைக்குத் திரும்பிப் போய், மூன்று முகம் ராவி, வைகாசியில்தான் பெண்களின் கைக்குப் போயின. கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது எல்லாம் தொண்ணூறு டிகிரியில் ‘டக்’ என்று கெட்டியாக நிற்கின்றன, யாருக்கும் இதுவரை காயம் இல்லை. விளக்கம் தேடிச் சிலரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் சூடானால் இறுகும் என்றார் ஒருவர். இருக்கலாம். கை நரம்புப் பிரச்சினை என்று டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார், போட்டுக்கொண்டேன். எதுவாகவும் இருக்கட்டும். எனக்கு விடாமல் நினைவு வருவது அந்த நான்கு நொடிதான். நடுவே விரலை வைத்திருந்தவர் அதை எடுத்துக்கொள்ள நான்கு நொடி தாராளமாகப் போதும். எடுத்துக்கொள்ளவில்லை.

கோவிந்தனுக்குப் போன் செய்த மறுநாள், வியாழக்கிழமை. பல்கூடத் துலக்காமல் 5.05 பஸ்ஸைப் பிடித்துப் பாப்பாரப்பட்டி போனேன். லட்சுமி அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி, பத்து மணிக்குதான விழா? இருட்டோட வந்து நிக்கறீங்க? உள்ள வாங்க.”

“இங்கயே சொல்லிடறன்க்கா. கத்தி பாதியில நிக்காது. உங்ககிட்ட பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டன்.”

வாளியைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “கத்தியெல்லாம் உங்க வூட்டுலதான இருக்குது?” என்றார்.

“ஆமாக்கா.”

“யாரு கைக்கும் இன்னும் போவல?”

“போவல.”

“அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆவல” என்றார், பெருமூச்சு விட்டபடி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தேகமாக மறுபடி கேட்டார். “ஆவல இல்ல தம்பி?”

“ஆவலக்கா” என்றேன்.