மூடி திறந்த பேனா

குருபரப்பள்ளி முதியோர் வகுப்பைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறப்பார், யோசிப்பார், மறுபடி மூடிவிடுவார்.

நாலாவது வரை படித்த நான்தான் அங்கே வாத்தியாருக்குக் கையாள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்குச் சர்க்கார் புத்தகம் ஏறவில்லை. அதனால் பஸ் போர்டை வைத்தே எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பாடத்தை அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான்.

"மாத்துப் பாடம் வேணும்னா எல்லாரும் முதல்ல சர்க்கார் புஸ்தகத்துல பாஸாகணும்" என்றார்.

"பாஸான பிறகு?" என்று கேட்டேன்.

"எழுத்து தெரிஞ்சவங்களுக்கு முதியோர் வகுப்பு கிடையாதுப்பா."

"கல்யாணம் ஆனாத்தான் பொண்ணு பாக்கலாம், ஆனப்புறம் பாக்கக் கூடாது. அப்படித்தானே சார்?"

வகுப்பே சிரித்தது. முனியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மகளப் பாக்க கிருஷ்ணகிரிக்குப் பொறப்பட்டு, பெங்களூர்ல போய் எறங்கினவ சாமி நானு. போர்டு படிச்சாப் போதும்."

"இதைத்தான் நானும் மேல எழுதினேம்மா. ஒப்புதலான பாடத்தைப் பத்தி மட்டும் எழுதுன்னு பதில் வந்துச்சு."

பேனாவைத் திறந்தார், மூடினார், எழுந்துகொண்டார்.

வழியனுப்ப ரோட்டுக்குப் போனோம். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, இது எங்க போகுது? படி பாப்போம்."

முனியம்மா போர்டை அண்ணாந்து பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். "கி... ருஷ்... ண... கிரி!"

அவர் பேனா மூடியைத் திறந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

ஒப்புதல் வரவேயில்லை, வகுப்பை மூடிவிட்டோம். அன்றைக்கு அந்தப் பேனாவை அவர் எப்போது மூடினாரோ, அதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.