பின் பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம்

நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு காலை நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

தாம்பரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, மழையில் ஓர் அறையின் கூரை பெயர்ந்து விழுந்தது. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். ஒன்று என் பிரிவு. மற்றது, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக வந்திருந்த ஓர் இளம் கணக்கு ஆசிரியையின் பிரிவு. ஆண்டுதோறும் தலைமையாசிரியர் சரி என்றால்தான் அவருக்கு வேலை.

பாடத்தை நான் நடத்துவேன். வேகமாகப் போவேன். "புரியுதா?" என்றால் அத்தனை பேரும் "புரியுது சார்" என்பார்கள். ஒருநாள் இடைவேளையில் அவர் சொன்னார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பாதிப் பேருக்குப் புரியல. உங்ககிட்ட கேக்க பயப்படறாங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். அவங்க முழிக்கிறப்ப நான் கேக்கறேன்."

மறுநாள் முதல் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார். பக்கத்து நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்குவார். "சார், எனக்குப் புரியல."

"மிஸ்ஸுக்கே பிரியலயாம்டா. நமக்கு இன்னா பேஜாரு?" என்று ஒருவன் உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரு மாதத்தில் பிள்ளைகளும் கை தூக்கத் தொடங்கினார்கள். காலாண்டில் தேறாத பலர் அரையாண்டில் தேறினார்கள். ஆசிரியர் அறையில் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

ஜனவரியில் கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். தலைமையாசிரியரும் கூட நின்றார். காரணிப்படுத்தும் கணக்கு. பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் ஏழு வரவேண்டும். ஆகவே மூன்றும் நான்கும் என்று எழுதினேன். பின்னால் கை உயர்ந்தது.

"சார், ஆறும் ரெண்டும் பெருக்கினாலும் பன்னெண்டுதானே? அதை ஏன் போடக் கூடாது? எனக்குப் புரியல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி ஆறும் இரண்டும் போட்டிருப்பாள். எனக்கு அது தெரியும்.

"யாரு இவங்க?" என்றார் அதிகாரி.

"இன்னொரு மேத்ஸ் டீச்சர் சார்," என்றார் தலைமையாசிரியர்.

"டீச்சரா? இதுகூடவா தெரியல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து அவரும் பார்த்தார். இது எங்கள் ஏற்பாடு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் இந்த ஏற்பாடு என்று அடுத்த கேள்வி வரும். நான் நடத்துவது பிள்ளைகளுக்குப் புரிவதில்லை என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பலகைப் பக்கம் திரும்பி, ஆறும் இரண்டும் கூட்டினால் எட்டு என்று எழுதினேன். என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

மாலையில் தலைமையாசிரியர் என்னை அழைத்தார்.

"என்ன சார், அந்தப் பொண்ணு சப்ஜெக்ட்ல வீக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரே?"

"சின்னப் பொண்ணு சார். போகப் போகக் கத்துக்கும்," என்றேன். பெரிய மனிதத்தனமாகத்தான் அது ஒலித்தது. ஜூனில் அவருக்கு வேலை இல்லை.

சென்ற ஆண்டு இரும்புலியூரில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த அந்த ஆசிரியையைப் பார்த்தேன். மறைமலை நகரில் ஒரு தனியார் பள்ளியில் இருப்பதாகச் சொன்னார்.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்மா."

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

குரலில் கோபம் இல்லை. "ஆறும் ரெண்டும் போட்டவ ஞாபகம் இருக்கா சார்? தன்னாலதான் எனக்கு வேலை போச்சுன்னு அழுதா. இனிமே சந்தேகமே கேக்க மாட்டேன் மிஸ்ஸுன்னா," என்றார்.

அவர் வேலை இழந்த அந்த ஆண்டு, பத்தாம் வகுப்பில் அவள் முதல் பெஞ்சில், என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. அடக்கமான மாணவி என்று அவளுடைய மதிப்பெண் அட்டையில் நான் எழுதிக் கொடுத்தேன்.