பேத்தியைக் கேட்டுச் செய்தவர்

என் அம்மா கோமளாவை வளர்த்தவர் அவருடைய அம்மா வழித் தாத்தா சாமிக்கண்ணு. நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரு புகைப்படம்கூட இல்லை. மலாய் நாட்டில், ஜாசினுக்கு உட்புறம் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்களிடம் விசாரித்தால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "அவரா? பேத்தியக் கேக்காம தண்ணிகூடக் குடிக்க மாட்டாரே" என்கிறார்கள்.

இதில் மிகை அதிகமில்லை. காலையில் எழுந்ததும் கஞ்சியா, மரவள்ளிக்கிழங்கா என்று கேட்பார். இன்று பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்பார். அவள் போகவில்லை என்றால் இல்லைதான். ஐந்து வயதில் பேன் தொல்லை வந்தபோது முடியை வெட்டவா, வைத்திருக்கவா என்று கேட்டார். வெட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு வளர்க்கச் சொல்லவில்லை என்பதால் அவரே மாதாமாதம் வெட்டிவிட்டார். கடையில் பாவாடையையும் காற்சட்டையையும் காட்டி எது வேண்டும் என்றார். காற்சட்டையில் பை இருந்தது; அதைக் காட்டினாள். காது குத்தவில்லை. அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காரணத்தை அவர் ஒரே ஒருமுறை அவளிடம் சொன்னாராம். தன் மகள் ஜானகிக்குப் பதினைந்து வயதில் அவர் மாப்பிள்ளை பார்த்தார். ஜானகி வேண்டாமென்றாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் மணையில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையை, போரில் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பவில்லை. கோமளா பிறந்த சில வாரங்களில் ஜானகியும் இறந்துபோனாள். "அவளுக்கு எல்லாத்தையும் நான்தான் முடிவு பண்ணேன். ஒன்னுகூட உருப்படல" என்று முடித்துக்கொண்டார்.

இப்படி ஒன்பது ஆண்டுகள் யாருக்கும் உறுத்தாமல் நடந்தது. சாமிக்கண்ணுவுக்கு ரப்பர் தாள்களைப் புகைபோடும் கூடத்தில் அடுப்பெரிக்கும் வேலை. நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லாமல் கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு தனிக் குடிசையில் இருந்தார்கள். காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க ஆங்கில அரசின் அவசரகாலம் வந்து, தனியாகக் கிடந்த வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்குள் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் லயத்தின் நடுவில் ஓர் அறை கிடைத்தது. இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள், அந்தப் பக்கம் நான்கு.

கோமளா முதன்முறையாகத் தன் வயதுப் பெண் பிள்ளைகளோடு இரவு பகலாக இருந்தாள். எல்லோருக்கும் காதில் ஏதோ ஒன்று இருந்தது. அதைவிட, எல்லோரிடமும் காது குத்திய கதை ஒன்று இருந்தது. மாமன் மடியில் எப்படி அமுக்கிப் பிடித்தார்கள், யார் கையைக் கடித்தார்கள், எப்படிக் கத்தினார்கள் என்று. கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைக்கூட நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். தானே கேட்டுக் குத்திக்கொண்டதாக ஒருத்தியும் சொல்லவில்லை.

கோமளாவுக்குக் காது குத்திக்கொள்ள வேண்டும். ஆனால் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. யாராவது தன்னைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று, வாசலில் வெளியே போகிற எல்லோரையும் சோதனை போட்டார்கள், பிள்ளைகளையும்தான். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. முதல் நாள் அவள் பெண்கள் வரிசையில் நின்றாள். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், ஒரு மலாய் இளைஞர், வெட்டிய முடியையும் காற்சட்டையையும் வெறும் காதையும் பார்த்து, ஆண்கள் வரிசைப் பக்கம் கையை நீட்டினார்.

"ஹோய் புடாக்! லெலாக்கி சானாலா!"

பெண்களைச் சோதித்த அம்மாள் தோட்டத்தின் வேறு டிவிஷனிலிருந்து வந்தவர், இவளை அறியாதவர். "போ தம்பி, ஆம்பளைங்க அந்தப் பக்கம்" என்று அவரும் தள்ளிவிட்டார். தான் பெண் என்று கோமளா சொல்லவில்லை. ஆண்கள் வரிசைக்குப் போய் நின்றாள். மறுநாள் நேராக அங்கேயே போனாள்.

ஒரு நாள் வேலைக்குப் போக வந்த சாமிக்கண்ணு தனக்கு முன்னால் பேத்தி நிற்பதைப் பார்த்தார்.

"என்னா தாயி, இங்க நிக்கிற?"

அவள் வரிசையோடு ஓரடி முன்னே நகர்ந்தாள்.

"உனக்கு இந்த வரிசைதான் புடிச்சிருக்கா?"

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கோமளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றே சாமிக்கண்ணு எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. என் படிப்பு குழந்தை வளர்ப்பு பற்றியது. அவர் செய்ததற்கு என் பாடப் புத்தகங்களில் நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வரிசையில் நின்ற சிறுமிக்கு அந்தப் பெயர்களால் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நேர்ந்தது வேறு. பள்ளியையும் பாடத்தையும் பல்கலைக்கழகத்தையும் அம்மாதான் தீர்மானித்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிய பிறகு, இனி என்ன செய்யப் போகிறாய் என்று முதல் தடவையாகக் கேட்டார். எனக்குச் சொந்தமாக முடிவெடுத்துப் பழக்கமே இல்லை. அதிலிருந்துதான் சாமிக்கண்ணுவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

பக்கத்து அறையில் இருந்த குஞ்சம்மாதான் அவரிடம் நேராகப் பேசினார்.

"அண்ணே, உங்க வீட்டுல இருக்கிறது பேத்தியா பேரனா? சீட்டுக் குலுக்கிப் போட்டாவது சொல்லுங்க."

"அது கேட்டா காது குத்தி விடுறேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

"எதுக்கெடுத்தாலும் கேட்டுச் செய்ய அது என்ன தோட்டத்துத் தொரையா? பிள்ளைண்ணே! பிள்ள வாயத் தொறந்து கேக்குமா? நாமதான் புடிச்சு உக்கார வைக்கணும்."

"ஒருத்தியப் புடிச்சு உக்கார வச்சேன், குஞ்சம்மா. போதும்."



சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் கோமளா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன சாமிக்கண்ணு அவள் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் சாகா என்னும் மரத்தின், குன்றிமணி போன்ற சிவப்பு விதை ஒவ்வொன்று இருந்தது. ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டியிருந்தாள். படுக்கும்போது ஒட்டிக்கொண்டு, காலையில் அவர் பார்க்கும் முன் பிய்த்துப் போடுவது அவள் வழக்கம். அன்று தூங்கிவிட்டாள்.

அவர் அவளை எழுப்பவில்லை. வெளியே போய் நின்றார். அவள் எழுந்து, விதைகளைப் பிய்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"கிளம்பு" என்றார்.

"எங்க தாத்தா?"

"ஜாசினுக்கு."

"எதுக்கு?"

அவர் சட்டையை மாட்டினார். கஞ்சியா கிழங்கா என்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது தனக்கு இருந்தது பயமா, சந்தோஷமா என்று அம்மாவுக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லையாம்.

நகைக்கடையில் கணேசமூர்த்திப் பத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இவ்ளோ பெரிய புள்ளைக்கா? மாமன் எங்க? யாரு மடி?"

"மாமன் இல்ல. என் மடிதான்."

"உங்க தொடை தாங்குமா பெரியவரே? சரி, உக்காருங்க. கெட்டியாப் புடிங்க."

சாமிக்கண்ணு அவளைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். கோமளா உடனே, "வேணாம்! வேணாம் தாத்தா!" என்று கத்தத் தொடங்கினாள். பத்தர் ஊசியை எடுக்கவே இல்லை, அதற்குள். தாத்தாவின் பிடி தளரவில்லை. வலது காதில் ஊசி இறங்கியது. பத்தர் கம்பியைக் கோத்து முறுக்கினார். பிறகு மறுபக்கம் வந்து நின்றார்.

அப்போதுதான் சாமிக்கண்ணுவின் கைகள் விட்டுப்போயின. அவர் முகம் வியர்த்திருந்தது.

"தாயி, போதுமா? மறு காது வேணாம்னா சொல்லிரு. வீட்டுக்குப் போயிரலாம்."

"என்னாங்க இது?" என்றார் பத்தர். "ஒத்தக் காதோடவா அனுப்புறது? ஊரு சிரிக்காதா?"

சாமிக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். கோமளா மூக்கைத் துடைத்தாள். மடியிலிருந்து இறங்க யாரும் தடுக்கவில்லை. அவள் இறங்கவில்லை. இருபுறமும் தொங்கிய அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டாள்.

"கேக்காத தாத்தா," என்றாள் அழுதுகொண்டே. "புடிச்சுக்க."

அவர் பிடித்துக்கொண்டார். வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவள் கத்தினாள்.