பந்து இல்லாத இடத்தில் நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டபெட்டில் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காயாது என்று தெரியும். நான்கு நாட்களாக மேகம் தரையிறங்கி, எதிர்ச்சரிவின் தேயிலையை மூடியிருந்தது. கொடிக்கயிறு பாதி தூரம் போய் அந்த வெண்மைக்குள் மறைந்தது. அப்போதுதான் கல்லூரித் தோழி சாந்தி போனில் கூப்பிட்டாள்.

“உமா, ரஹீமா போயிட்டாடி.”

“எங்க போயிட்டா?” என்று கேட்டேன்.

உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். முப்பத்தாறு வயதுக்காரியைப் பற்றி அந்தச் சொல் வந்தால், ஊர் மாறிப் போயிருக்கிறாள் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. சாந்தி நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் கடையில் நின்றிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவாம்.

நம் கல்லூரியின் பழைய மாணவியர் மலருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னை நினைவிருக்கும். சுழற்கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் என் படம் இன்னும் விளையாட்டு அறைச் சுவரில் தொங்குவதாகச் சொல்கிறார்கள். ரஹீமாவை நினைவிருப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மூன்று வருடம் நம் கூடைப்பந்து அணியில் இருந்தாள். அந்த மூன்று வருடத்தில் அவள் போட்ட கூடைகளை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வருடம் அணிக்கு ஆள் எடுத்த நாள். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி என்று ஒரு பெண் வரிசையின் கடைசியில் நின்றாள். பத்து முறை வளையத்தை நோக்கி எறிந்ததில் ஒன்றும் விழவில்லை. எங்கள் பயிற்சியாளர் செல்வி மேடம் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டே தோளை லேசாகத் தள்ளினார். அவள் அசையவில்லை. இரண்டாவது முறை பலமாகவே தள்ளினார். மேடம்தான் ஓரடி பின்னால் போனார்.

“எந்த ஊரு?”

“மஞ்சூருங்க மேடம்.”

“தினமும் பஸ்ஸா?”

“ஆமாங்க. உக்கார எடம் கெடைக்காதுங்க.”

மேடம் பெயரை எழுதிக்கொண்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வருடம் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மலைப்பாதையில், ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் கம்பியைக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். ரஹீமா எதையும் பிடிக்காமல், இரு கைகளாலும் எங்கள் பைகளை அணைத்தபடி நடுவில் நின்றாள். எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

“வளைவு வர்றதுக்கு முன்னாடியே காலு தெரிஞ்சுக்குமடி. நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல” என்றாள்.

ஆட்டத்திலும் அவள் செய்தது அதைத்தான். என்னைத் துரத்தி வரும் எதிரணிக்காரியின் வழியில் போய் நிற்பாள். அவ்வளவுதான். வருகிறவள் சுவரில் முட்டியதுபோல் நின்றுபோவாள். எனக்கு ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடியில் நான் கூடையைப் போடுவேன். கைதட்டல் எனக்கு. அதற்குள் அவள் வேறொரு இடத்துக்குப் போய் நின்றிருப்பாள்.

அவள் அத்தா மஞ்சூர் பஜாரில் கடை வைத்திருந்தார். மழைக்கோட்டு, கம்பூட்ஸ், தார்ப்பாய் விற்கும் கடை. சரக்கெடுக்க ஊட்டிக்கு வந்தவர் ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்தார். பாதி நேரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து வந்து மேடத்தின் அருகில் நின்றார்.

“ஏனுங்க மேடம், என்ற புள்ள பந்தையே தொடலீங்களே. எதுக்குங்க இவளச் சேத்திருக்கீங்க?”

“இனிமே பந்தப் பாக்காதீங்க பாய். உங்க பொண்ண மட்டும் பாருங்க.”

அவர் மறுபாதி முழுவதும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து ஒரு பக்கம் போக அவர் தலை மட்டும் வேறு பக்கம் திரும்பியது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் வர்க்கி வாங்கித் தந்தார். புறப்படும்போது என்னிடம் சொன்னார்: “ஊட்டுலயும் இப்படித்தான் கண்ணு இவ. வேல எல்லாம் முடிஞ்சு கெடக்கும். யாரு செஞ்சாங்கன்னே தெரியாது.”

நானும் சிரித்துவைத்தேன். அப்போது நான் அணித்தலைவி. வர்க்கியைத் தின்றபடி, பாவம் அப்பா மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள். கனவோ என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். சாந்தியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். மாலைப் பயிற்சியில் பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தோம். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் வளையங்கள் போயின. பிறகு எல்லைக்கோடுகள். பிறகு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மேடம் விசில் ஊதுவார் என்று காத்திருந்தோம். அவர் ஊதவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை. பந்து தரையில் விழும் ஓசை எங்கிருந்தோ வந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். யூகலிப்டஸ் இலையிலிருந்து நீர் சொட்டியது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ரஹீமாவின் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“சாந்தி, உனக்குப் பின்னாடி ஆளு. உமா, ரெண்டடி வலது. கைய நீட்டு.”

நீட்டினேன். பந்து வந்து கையில் அமர்ந்தது. யார் எறிந்தார்கள் என்று தெரியவில்லை. அவள் சொன்ன திசையில் நானும் எறிந்தேன். எங்கோ தூரத்தில் யாரோ பிடித்த ஓசை கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி ஆடினோம் என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பே இல்லாமல் கைகள் மட்டும் ஆடியதுபோல் இருந்தது. மேகம் விலகியபோது கோர்ட்டின் நடுவில் ஒரு மட்டக்குதிரை நனைந்துபோய் நின்றிருந்தது. எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

“நான் மேடம்னு நெனச்சு ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்” என்றாள் ரஹீமா. மேடமே சிரித்துவிட்டார்.

உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று அன்று அவளிடம் கேட்டேன். “நீங்கல்லாம் பந்து எங்கன்னு பாப்பீங்க. நான் ஆளு எங்கன்னு பாப்பேன். பந்து ஒண்ணுதான். ஆளு பத்துப் பேராச்சே” என்றாள்.

இனி எழுதப்போவது எளிதல்ல.

மூன்றாம் வருடம், மாவட்டம் தாண்டிய போட்டிக்கு அணி போக வேண்டும். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். நாங்கள் பதின்மூன்று பேர் இருந்தோம். கூடலூரிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த முதலாமாண்டுப் பெண் நல்ல உயரம், குறி தவறாதவள். மேடம் என்னைக் கூப்பிட்டார். “யாரை விடலாம்னு நீயே யோசிச்சு எழுதிக் குடு. கேப்டன் நீதானே” என்றார். நான் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு காகிதத்தில் ‘ரஹீமா’ என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பந்து போடாதவளை விடுவதில் என்ன தவறு? அன்று எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு பயிற்சி ஆட்டம். நாங்கள் எப்போதும் ஜெயிக்கிற அணியோடுதான். மேடம் ரஹீமாவை வெளியே உட்காரவைத்தார். அன்று எனக்கு எதுவுமே வாய்க்கவில்லை. எங்கே திரும்பினாலும் ஒருத்தி முகத்துக்கு நேராக நின்றாள். எறிந்த பந்தெல்லாம் யார் கையிலாவது பட்டுத் திரும்பியது. படுமோசமாகத் தோற்றோம். நான் அழுதுகொண்டே மேடத்திடம் போனேன். உடம்பு சரியில்லை, மோசமாக ஆடிவிட்டேன் என்றேன்.

“நீ மோசமா ஆடல. எப்பவும் ஆடுற மாதிரிதான் ஆடுன. உனக்கு முன்னாடி நிக்கிற ஆளு இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்” என்றார்.

அவர் மேசையிலேயே வேறொரு காகிதம் எடுத்து, வேறொரு பெயரை எழுதிக் கொடுத்தேன். பழைய காகிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். புள்ளிகள் சமம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. எதிரணியின் மிக உயரமான பெண் எங்கள் எல்லோரையும் தாண்டி, பந்தோடு எங்கள் வளையத்தை நோக்கி ஓடினாள். அவள் வழியில் ரஹீமா போய் நின்றாள். இரண்டு காலையும் ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்து, வெறுமனே நின்றாள். முழு வேகத்தில் வந்தவள் மோதினாள். ரஹீமா பின்னால் போய் விழுந்த ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. நடுவர் விசில் ஊதி, தவறு மோதியவள் மேல் என்றார். பந்து எங்களுக்கு வந்தது.

ரஹீமா எழுந்தாள். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அவள் வழக்கம்போல் என்னை மறிக்க வந்தவளின் முன்னால் போய் நின்றாள். எனக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது. போட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என்னைத் தோளில் தூக்கினார்கள். சிறந்த ஆட்டக்காரி என்று என் பெயரைச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்போது ரஹீமாவை மணிக்கட்டு எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட அழைத்துப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம். எனக்குக் கோத்தகிரியில் வங்கி வேலை. அவள் அத்தாவுக்கு முழங்கால் வலி வந்ததும் கடையை ஏற்று நடத்தினாள். திருமணத்துக்குப் பிறகும் அங்கேயேதான் இருந்தாள். நாங்கள் போனில் பேசிக்கொள்வோம். அந்தக் காகிதத்தைப் பற்றி ஒருமுறையும் வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன வருடம் ஒரு திருமணத்துக்காக மஞ்சூர் போனேன். மழை பிடித்துக்கொண்டது. அவள் கடையில், தொங்கும் மழைக்கோட்டுகளுக்கு நடுவில் இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தோம். வெளியே பஜார் முழுக்க மேகம். ஆட்கள் அதற்குள்ளிருந்து வந்தார்கள், அதற்குள்ளேயே போனார்கள். ரப்பர் வாசனையும் மழைச் சத்தமும் சேர்ந்து நேரம் நின்றுவிட்டதுபோல் இருந்தது. சொல்லிவிட்டேன்.

“உன் பேரத்தான்டி எழுதிக் குடுத்தேன்.”

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. “தெரியும்” என்றாள். “பந்து ரூம் சாவி எடுக்கப் போனேன். மேடம் மேசைல கெடந்துச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா எனக்காக அடி வாங்குன?”

“உனக்காகன்னு யாரு சொன்னா? அவ ஓடி வந்தா. நான் நின்னுட்டிருந்தேன்.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒரு நாள் அழுதேன். பஸ்லயே அழுது முடிச்சுட்டேன். ஊடு வந்துருச்சு” என்றாள். பிறகு, உள்ளே போய்ப் பிஸ்கட் எடுத்துவந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்கு அது இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாவுச் செய்தி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சாந்தியும் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பெண்கள் இருந்த அறையில் முகத்தைப் பார்த்தோம். வெள்ளைத் துணிக்குள் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. ஆண்கள் அவளை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் இறங்கினார்கள். நாங்கள் சன்னலருகில் நின்றோம். பத்தடி போனதும் மேகம் அவர்களை வாங்கிக்கொண்டது. ஓதுகிற குரல் மட்டும் கொஞ்ச தூரம் வரை கேட்டது.

நடக்க முடியாத அத்தா நாற்காலியிலேயே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைக்கு நீ வந்துட்டுப் போனதச் சொன்னா கண்ணு. ரெண்டு நாளு சும்மா சும்மா சிரிச்சுட்டே இருந்தா” என்றார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ரஹீமாவிடமிருந்து பொருளாக என்னிடம் ஒன்றும் இல்லை. இருவரும் சேர்ந்து எடுத்த நல்ல படம்கூட இல்லை. என்னிடம் தங்கியிருப்பது அவள் பார்த்த விதம்தான். அதுவும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் வங்கிக்கு எதிரே ஒரு பள்ளி மைதானம். மாலையில் பெண் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் கம்பி வேலியருகே நின்று பார்க்கிறேன். போன வாரம், பந்து கூடையில் விழுந்து எல்லோரும் ஆரவாரம் செய்தபோது, ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு தனியாக நின்றாள். அவள்தான் இரண்டடி நகர்ந்து எதிரணிக்காரியின் வழியில் போய் நின்றவள். வேலியருகே வந்தபோது அவளிடம் பெயர் கேட்டேன்.

அவள் குழம்பினாள். “பந்து போட்டது நான் இல்லீங்கக்கா. அதோ, அவ” என்று கை காட்டினாள்.

“தெரியும் கண்ணு. உன் பேரச் சொல்லு” என்றேன்.

சொன்னாள்.