மாஜி மந்திரி சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன் பாண்டிச்சேரியில் நடந்தது இது. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, எங்கள் முத்தியால்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தன. அவர்களைப் பார்க்க லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒரு காலத்தில் அங்கே மந்திரியாக இருந்தவர். அரசியலை விட்டுவிட்டு, அகதிகளுக்காக நாடு நாடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

மில் தொழிலாளியின் மகனான நான்தான் எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வரவேற்பை ஏற்பாடு செய்த சங்கத் தலைவர், பெரிய மார்க்கெட்டிலிருந்து கனமான ரோஜா மாலை ஒன்று வாங்கி வந்து போட்டார். மைக்கைப் பிடித்து, "மாண்புமிகு பிரிட்டிஷ் அமைச்சர் அவர்களே" என்று ஆரம்பித்தார்.

நான் பதறிப்போய் அவர் காதில், "இப்ப அவரு மந்திரி இல்லைங்களே" என்றேன்.

"அட சும்மா இருப்பா. மாஜிய யாராவது மூஞ்சிக்கு நேரா மாஜின்னு சொல்லுவானா? நம்மூரு மாஜியா இருந்தா மாலையக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிடுவாரு."

'அமைச்சர்' என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி, கூட்டத்திலிருந்து ஓர் அம்மா ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகன் லண்டன் விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டிருக்கிறான். பிடித்து வைத்துவிட்டார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் உயிர் மிஞ்சாது.

அந்த அம்மா அப்படியே அவர் காலில் விழுந்தார். "நீங்கள் மந்திரி, ஐயா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. என்ர பிள்ளையை விடச் சொல்லுங்கோ!"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு, 'இதை அப்படியே சொல்லவா?' என்று அவரையே கேட்டேன். சொல்லும்படி கையைக் காட்டினார். சொன்னேன்.

"நான் இப்போது மந்திரி இல்லை. பதவியில் இருந்தபோது, இப்படி வருகிறவர்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. நான் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டேன். உங்கள் மகனைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சட்டம்தான்."

தலைவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், தப்பா மாத்திச் சொல்லிட்டியா?"

"என்னா மனுசன்யா இவன்! இதச் சொல்லவா இம்மாந் தூரம் வந்தான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எனக்கும் ஆத்திரம் வந்தது. இவரையா வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றோம்?

அந்த அம்மா மட்டும் கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, இவரோட சேர்ந்து வோட்டுப் போட்ட ஆக்கள் இன்னும் அங்க இருக்கினம்தானே? அவையளை எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். போய்க் கதைக்கச் சொல்லுங்கோ."

அவர் தலையாட்டினார். மகனின் பெயரைக் கேட்டு, வாயில் சரியாக நுழையும்வரை அந்த அம்மாவிடமே சொல்லிப் பார்த்தார். விருந்து அப்படியே கிடக்க, லண்டனுக்கு டிரங்க் கால் போடப் போனார். நானும் கூடப் போனேன். பழைய சகாக்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்த மகனின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். மறுபடி அவரையே கூப்பிட்டார்.

அந்த மகனைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறதாம்.

திட்டித் தீர்க்க எல்லா நியாயமும் இருந்தும் அந்தத் தாய் அவரைத் திட்டாமல் வேலைக்கு அனுப்பினாரே, அந்த மனசு எப்படி வந்தது என்று யார்மேல் எனக்குக் கோபம் வந்தாலும் இன்றைக்கும் திகைத்துப்போய் யோசிக்கிறேன்.